சித்தப்பா திருகிய ரீல்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா பெரிய மீன் பிடிக்கும் ஆசையில் தூண்டில் கம்பில் மாட்டும் ஒரு ரீல் வாங்கினார். செய்தி எப்படியோ நெரவியிலிருந்த சித்தப்பாவுக்கு எட்டிவிட்டது. குடும்ப வீட்டைப் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலையில் அவர் தாமாகவே வந்து, புது ரீலை அளவு பார்த்துத் திருகித் தருகிறேன் என்றார். அப்பா வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அம்மா என்னை அடுக்களைக்குள் அழைத்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிரு என்றாள். காரணமில்லாமல் வருகிற ஆள் இல்லையாம்.

சித்தப்பா ஒரு ஸ்பிரிங் தராசு கொண்டுவந்திருந்தார். அதன் கொக்கியில் தூண்டில் நரம்பின் நுனியைக் கட்டி, தராசை என்னிடம் கொடுத்து முள்ளைப் பார்க்கச் சொன்னார். நரம்பு பத்துக் கிலோ தாங்கும். அவரோ முள் மூன்றைத் தொட்டதுமே ரீல் கிர்ரென்று சுற்றி நரம்பை விடும்படி, அதன் திருகைத் தளர்த்தி வைத்தார்.

“பெருசு மாட்டுனா ஓடும்மா. ஓட விட்டாத்தான் நரம்பு தாங்கும். இத யாரும் தொடாதீங்க.”

மாட்டிய மீனை ஓட விடுவதற்கா ரீல்? அப்பா ஏமாந்து நிற்பதைப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. தொடாதீங்க என்றது சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது. அவர் போனதும் அந்தத் திருகை இனி நகராது என்கிற வரை இறுக்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அப்பா, சித்தப்பா, நான் மூவரும் அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போனோம். வெகுநேரம் ஒன்றும் கடிக்கவில்லை. அப்பா கிளம்பலாம் என்று வாயெடுத்தபோது ஒரு கொடுவா இரையைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. கம்பு வளைந்தது. ரீலில் சத்தமே இல்லை. சித்தப்பா பதறி எழுந்தார். அதற்குள் நரம்பு பட்டென்று அறுந்தது. என் இடுப்பு உயரம் இருந்த மீன் ஒருமுறை துள்ளிவிட்டு மறைந்தது.

அப்பா திருகைத் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை.

“யாரு இத இப்புடி இறுக்குனது?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“நான்தாண்ணே,” என்றார். “தப்பாப் போச்சு.”

அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சித்தப்பா மணலிலேயே நின்றார். அதன்பின் அவர் எங்கள் வீட்டுப் படியேற வெகுகாலம் ஆயிற்று.

நான் இறுக்கியதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். தராசில் கட்டும்போதே அவர் நரம்பை நைத்திருக்க வேண்டும், அது வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில்தான் திருகை இறுக்கியதாக ஒத்துக்கொண்டார் என்றும் விளக்கினேன். அம்மா தலையாட்டினாள். செய்யாததை ஒருவர் ஏற்றுக்கொள்ள வேறு காரணமும் இருக்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.