மாப்பிள்ளை கணக்கில் விட்ட நாட்கள்

என் மாப்பிள்ளையும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு. அவருக்கு என்னிடம் கூச்சம், எனக்கு அவரிடம் மரியாதை. நடுவில் பேச வேண்டிய என் மகளோ வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். பேத்தியும் அவளோடுதான் இருக்கிறாள். அதனால் எங்கள் வீட்டுச் செய்தியெல்லாம் கடல் தாண்டிப் போய்த்தான் திரும்பி வரும்.

ஒருநாள் நான் அடுப்படியில் இருக்கிறேன், அவர் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். போன் அடித்தது.

"அம்மா, சாப்பாட்டுல உப்பு கம்மியா இருக்காம்."

"யார் சொன்னது?"

"அவர்தான். இப்பத்தான் மெசேஜ் போட்டார்."

"பத்தடி தள்ளி இருக்கற மனுஷனுக்கு வாய் இல்லையா? நான் இப்படித்தான் போடுவேன்னு சொல்லிடு."

அவள் சொல்லியிருப்பாள். கூடத்திலிருந்து ஒரு செருமல் மட்டும் கேட்டது.

மாப்பிள்ளைக்கு சென்ட்ரிங் வேலை. தளம் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து, கீழே முட்டுக் கொடுத்து நிறுத்துவார்களே, அது. சேர்ந்து வேலை செய்யும் ஆட்கள் அவரைப் 'பலகை' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வயதில் ஏறிய சாரம், தலை நரைக்கும்வரை இறங்கவில்லை. பிறகு ஒருநாள் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. கை தலைக்கு மேலே போகவில்லை. பலகை தூக்க முடியாத பலகைக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

காண்ட்ராக்டர் நல்ல மனுஷர். "சமுதாயக் கல்லூரியில கட்டுமான மேலாண்மைன்னு ஒரு படிப்பு இருக்கு. முடிச்சிட்டு வா, உன்னை சூப்பர்வைசரா வச்சுக்கறேன். அதுவரைக்கும் கனம் தூக்காத மேல் வேலை எதையாவது பாத்துக்கிட்டு இரு" என்றார். மகளும், "நீங்க ஒரு நிலையான வேலையில உக்காந்துட்டா நானும் பாப்பாவும் வந்துடறோம்" என்றாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பையைத் தோளில் மாட்டினார். எல்லாம் எனக்கு மகள் சொல்லித்தான் தெரியும்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் மீசை முளைத்தும் முளைக்காத பிள்ளைகள். இவரைப் பெரியப்பா ஆக்கிவிட்டார்கள். "பெரியப்பா, ஃபேன் போடுங்க", "பெரியப்பா, பேனா இருக்கா". மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் இடைவேளையில் ஒருவரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். சாரத்தில் ஏழெட்டுப் பேரோடு ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டவர், அங்கே மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாராம்.

பாடங்களில் பெரிய பாடம் அட்டவணை போடுவது. ஒரு வீடு கட்ட எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, எத்தனை நாள் என்று கலர் கலராகக் கோடு இழுக்க வேண்டும். அதில் தேறாவிட்டால் படிப்பு முடிந்ததாகக் கணக்கில்லை. மாப்பிள்ளை கூடத்துத் தரையில் பெரிய தாளை விரித்துப் போட்டு, முழங்காலில் நின்று கோடு போட்டார். எனக்கு எழுத்துப் படிக்க வராது. கோடு தெரியும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, மாடிப்படி மாதிரி இடைவெளியே இல்லாமல் போயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வகுப்பில் அதைச் சுவரில் மாட்டினார்கள். பாடம் எடுக்கும் அம்மா கோலை வைத்துக்கொண்டு கோடு கோடாக வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"இங்க தளம் போடறீங்க. சரி. மறுநாளே முட்டுக் கம்பத்தைப் பிரிக்கறீங்களே?"

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. "ஆமா மேடம். போட்டதுக்கு அப்புறம் பிரிக்கறதுதான்."

"கான்கிரீட் இறுகறதுக்கு நாள் எங்க?"

பின் வரிசையில் ஒருவன், "பெரியப்பா கட்டின வீட்டுல மாடியில படுத்தா கீழ்வீட்டுல எழுந்திருக்கலாம்டா" என்றான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

வயதெல்லாம் சென்ட்ரிங் அடித்த மனுஷர் இதைத் தவறவிட்டார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அவர் பிழைப்பே அப்படி. தளம் போட்ட அன்று சாயங்காலமே ஆட்கள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். பிறகு ஒருநாள், "பிரிக்க வாங்க" என்று மேஸ்திரி ஆள் அனுப்புவார். போய்ப் பிரிப்பார்கள். நடுவில் கிடக்கும் நாட்களை அவர் ஒருபோதும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத நாளை எப்படித் தாளில் போடுவது?

திருத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். இவர் போகவே இல்லை. பை ஆணியில் தொங்கியது.

"அம்மா, அவர் காலேஜுக்குப் போறாரா?" என்று மகள் கேட்டாள்.

"உன் புருஷனை நீ கேளு. நான் என்ன ஒற்றனா?"

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவர் கூடத்தில் இருக்கும்போது சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "பை ஆணியிலயே தொங்குது. படிப்பு முடிஞ்சு இந்த ஆணிதான் சூப்பர்வைசர் ஆகப்போகுது போல."

அவர் எழுந்தார், டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபமோ என்று பயந்தேன். சாப்பாட்டு டப்பாவோடு போகிறவருக்கு அவ்வளவு கோபம் இருக்காது என்று நானே தேற்றிக்கொண்டேன்.

போனது ஒரு கட்டடத்துக்கு. அவருடைய பழைய ஆட்கள் தளம் போட்டுவிட்டுக் கிளம்பிப் போயிருந்த இடம். மேலே தளம் இறுகத் தண்ணீர் ஊற்றும் கிழவர் ஒருவர்தான் இருந்தார்.

"என்னப்பா, பிரிக்க இன்னும் நாள் கெடக்கே. எதுக்கு வந்தே?"

"சும்மா பாக்கலாம்னு."

"இதுல பாக்க என்ன இருக்கு? இன்னைக்கு ஈரமா இருக்கு. நாளைக்கும் ஈரமா இருக்கும். வந்ததுதான் வந்தே, இந்தக் குழாயைப் பிடி."

பிடித்தார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும். தளத்தின் மேல் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கீழே இறங்கினால் முட்டுக் கம்பங்கள் காடு மாதிரி. சுத்தியல் இல்லை, கூச்சல் இல்லை, எங்கோ ஒரு மூலையில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர். "நான் நிறுத்தின முட்டுக்குள்ள இவ்வளவு அமைதியா இருக்கும்னு தெரியாது" என்று மகளிடம் சொன்னாராம். அதை அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

புதுத் தாள் விரித்தார். இந்தத் தடவை நடுவில் நீளமாக ஒரு நீலக் கோடு. எடுத்துக்கொண்டு போனார்.

"இந்த நீலத்துல எத்தனை பேர் வேலை செய்யறாங்க?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"ஒருத்தர் மேடம். தண்ணி ஊத்தறவர்."

"மத்தவங்க?"

"வேற இடத்துக்குப் போயிடுவாங்க."

"பெரியப்பா, ரொம்ப லீவு விட்டுட்டீங்க" என்றான் அதே பையன். இந்தத் தடவை இவரும் சிரித்தாராம். தேறிவிட்டார். காண்ட்ராக்டரும் சொன்ன சொல் தவறவில்லை.

அதோடு எல்லாம் சரியாயிற்று என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சூப்பர்வைசராகப் போன முதல் நாள், பழைய ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குப் போயிருக்கிறார். பலகை என்று கூப்பிட்டவனே எழுந்து நின்று, "வாங்க சார்" என்றானாம்.

"உக்காருடா, சாப்பிடு."

"இல்ல சார், சாப்பிட்டாச்சு." வாயில் சோறு இருந்தது.

மகளும் வரவில்லை. "பாப்பா பள்ளிக்கூடத்தை நடுவுல எப்படி நிறுத்தறது? அவ படிப்பு முடியட்டும்" என்றாள். அவர், "சரி" என்றார். அந்த ஒரு சொல்தான். நான் மகளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் சொல்வது நியாயம்தான், அதனால்தான் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

அவர் பொறுப்பில் முதல் தளம் போட்டார்கள். ஆட்கள் அன்றே போய்விட்டார்கள். மறுநாள் உச்சிவெயிலில் என் போன் அடித்தது. மகள்தான் என்று எடுத்தேன்.

"அத்தை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன மாப்பிள்ளை? தோளுக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு." இன்னும் இலையைக்கூடத் தொடவில்லை. "நீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

போனை எப்படி வைப்பது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அவருக்குத் தெரியும், வைக்கவில்லை. அந்தப் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"உப்பு எப்படி இருக்கு?" என்றேன்.

"கம்மிதான் அத்தை."

"சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.