கடல் பக்கம் திரும்பிய மீன்

"சீனாக்காரன் சட்டியைத் துடைக்கவா இவ்வளவு படிச்ச?" என்றார் சித்தப்பா. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்; படித்தது பழங்காலப் பீங்கான்களைப் பற்றி. வளைகுடாவில் ஓர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பராமரிக்கும் வேலைக்கே வந்துவிட்டேன்.

அங்கே காவலாளி ராமநாதபுரத்துக்காரர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. சன்னதியிலிருந்து வருவதுபோல் முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்தே அறையைவிட்டு வெளியேறுவார்.

பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சீனக் கிண்ணம். மஞ்சள் மெருகுக்கு அடியில் பழுப்புக் கோட்டில் ஒற்றை மீன். மீன் வாசலைப் பார்க்கும்படி கிண்ணத்தை வைத்திருந்தேன். மறுநாள் காலையில் அது கடல் பக்கம் திரும்பியிருந்தது.

"நீங்க திருப்பினீங்களாண்ணே?"

"சாவி உங்ககிட்டதானே மேடம் இருக்கு? சூப்பர்வைசர் பார்த்தா எனக்கு கலாஸ், ஊருக்கு அனுப்பிருவான்." குரலைத் தாழ்த்தினார். "அது போகணும்னு நிக்குது. நாமதான் விடல."

அவரைச் சந்தேகிக்கவும் முடியவில்லை, அந்த மீனை நம்பவும் முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து கேட்டபோது, கடல் பக்கம் திருப்பியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.