ஐயாயிரம் லிட்டர் தொட்டி

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இசைவாணி, மொட்டைமாடியில் விழும் மழைத்தண்ணீரைச் சேர்க்க ஐயாயிரம் லிட்டர் தொட்டி கட்டச் சொன்னாள். கோடை நாலு மாதமும் குடிக்கவும் சமைக்கவும் அவ்வளவு வேண்டும் என்பது அவள் கணக்கு. கொத்தனாரான கொழுந்தன் செல்வக்குமார், அவளைக் கேட்காமலே ரெண்டாயிரத்தோடு நிறுத்திப் பூசிவிட்டான்.

ஐப்பசியில் ரெண்டே மழையில் தொட்டி நிறைந்தது. அடுத்த மழை அத்தனையும் தெருவில் ஓடியது. நனைந்தபடி பார்த்து நின்றவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"பொம்பள சொன்ன கணக்குதானன்னு நெனச்சியாலே?"

"இம்புட்டுப் பெருசு எதுக்குன்னுதான் மதினி..."

"சித்திரையில லாரிக்குப் பின்னால கொடத்தோட ஓடுறது நீயா, நானா?"

மறுவாரமே அவன் பக்கத்தில் மூவாயிரம் லிட்டருக்கு இன்னொரு தொட்டி கட்டிக் குழாயால் இணைத்தான். கார்த்திகையில் அதுவும் நிறைந்தது. அந்தக் கோடையில் அவள் லாரிக்குக் காத்திருக்கவில்லை. செல்வக்குமாரோடு பேசவுமில்லை.