வெள்ளிக்கிழமை உடுத்திய வெள்ளைச் சேலை

அம்மம்மா இறந்தபோது அவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது என்று மாமா எல்லோரிடமும் சொன்னார். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு வயது கூட இருந்தது. அம்மம்மா இருந்திருந்தால் அந்த ஒரு வயதுக்காகப் போதகரோடு சண்டை பிடித்திருப்பார்.

அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் நானும் அம்மம்மாவும்தான். நான் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். வீட்டிலிருந்து சட்டை தைக்கிறேன். ஆட்கள் கூடுகிற இடத்துக்குப் போவதென்றால் எனக்குக் கை வேர்த்துவிடும். எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சபையில் பெண்கள் கேட்கத் தொடங்கியதும் நான் ஞாயிறுகளில் வீட்டில் நின்றுவிட்டேன். அம்மம்மா என்னை வற்புறுத்தவில்லை. கல்முனையின் பெரிய வீதியைத் தனியாகக் கடந்து தேவாலயத்துக்குப் போய் வந்தார்.

அவர் நற்பிட்டிமுனையில் வயல்காரருக்குப் பிறந்தவர். கல்யாணம் முடித்துக் கல்முனைக்கு வந்தார். தாத்தா தச்சுவேலை செய்தவர், நாற்பது வயதுக்குள் காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் அம்மம்மா இடியப்பம் அவித்து விற்று என் அம்மாவையும் மாமாவையும் வளர்த்தார். அந்த நாட்களிலும் ஒரு பழக்கத்தை அவர் விடவில்லை. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துப் பால்மாத் தகரப் பேணியில் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் பெண்கள் அப்படிச் சேர்ந்த அரிசியைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் சாக்கில் கொட்டுவார்கள். இல்லாதவர்களுக்கு அது போகும்.

சுனாமியில் வீடு போய் நாங்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தபோதும் அவர் கைப்பிடி எடுத்தார். பக்கத்துப் பாயில் இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

“என்னகா ஆச்சி, நிவாரண அரிசியிலயும் காணிக்கையா? நாமளே இல்லாத ஆக்கள்தானே!”

“இல்லாட்டிக் கையுமா இல்லாமப் போச்சு?” என்றார் அம்மம்மா. மறுகிழமை அந்தப் பெண்ணே ஒரு பிடி கொண்டுவந்து பேணியில் போட்டாள்.

தொண்ணூறு தாண்டிய பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் ஆட்களின் பெயர்கள் போயின. பிறகு நாட்கள் போயின. கிழமையைத் தெரிந்துகொள்ள அவரிடம் ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. வீதியால் ஆட்கள் வெளுத்த உடுப்போடு ஒரே பக்கமாக நடந்தால் அது ஞாயிறு.

எங்கள் ஊரில் அப்படி நடப்பது வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நான் பெருநாளுக்குக் கொடுக்கவேண்டிய சட்டைகளோடு மெசினில் இருந்தேன். அம்மம்மா வெள்ளைச் சேலை உடுத்து, பேணியைத் தூக்கிக்கொண்டு போனதைக் காணவில்லை. தேடி ஓடியபோது மூன்று தெரு தள்ளியிருந்த பள்ளிவாசலின் வாசலோரம், மர நிழலில், ஒரு கதிரையில் இருந்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். பாங்கு சொல்லும் வயதான மோதினார் ஒருவர் தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

“மகள், ஒண்டும் பயப்புடாதீங்க,” என்றார் மோதினார். “ஆச்சி நம்மட பள்ளிக்கு அரிசி கொண்டு வந்திரிக்கா. வாங்கி உள்ளுக்கு வச்சிட்டன். நோன்புக் கஞ்சிக்குச் சேரும். திருப்பிக் கேட்டா மட்டும் தரமாட்டன்.”

வெறும் பேணியை என்னிடம் தந்தார். திரும்பி வரும்போது அம்மம்மா மிகவும் சந்தோசமாக இருந்தார்.

“புதுப் போதகர் நல்ல மனிசன்கா. தாடிதான் கொஞ்சம் கூட.”

மாமாவுக்கு அது சிரிப்பாக இல்லை. கடைத்தெருவில் யாரோ அவரிடம் கேட்டுவிட்டார்கள். அன்று பின்னேரமே ஒரு பூட்டோடு வந்தார்.

“தொண்ணூறு வருசம் சேர்ச்சுக்குப் போனது காணும். இனிப் போதகர் வீட்டுக்கு வந்து செபம் பண்ணட்டும். வெள்ளிக்கிழம பள்ளிக்குப் போற கிழவி எண்டு ஊரே சிரிக்கிது. உன்னால அவவக் கூட்டிட்டுப் போக ஏலுமா? ஏலாதுதானே?”

மாமா சொன்னது உண்மை. வாசல் கேற்றைப் பூட்டி, பூட்டின் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலையில் தேவாலய மணி கேட்டது. அம்மம்மா உடுத்து வந்து கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. பூட்டைக் கையால் தடவிப் பார்த்தார். ஆராதனை முடியும்வரை நின்றுவிட்டுத் தானாகவே உள்ளே வந்து சேலையை மடித்து வைத்தார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். திறப்பு என் மெசினின் இழுப்பு லாச்சியில் கிடந்தது. பூட்டியது மாமாதான் என்றாலும், அவரை உள்ளே வைத்திருந்தது என்னுடைய வெட்கம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மூன்றாவது ஞாயிறு நானும் சேலை உடுத்தேன். இறுதியாக எப்போது சேலை உடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. கொய்யக மடிப்பு மூன்று தரம் குலைந்தது. கேற்றைத் திறந்தேன். அம்மம்மா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

தேவாலயத்தில் அவர் வழக்கமான முன் வரிசை வாங்குக்குப் போனார். நான் கதவோரம் கடைசி வாங்கில் இருந்துகொண்டேன். அரிசி கொட்டும் நேரம் பெண்கள் வரிசையாகப் போனார்கள். அம்மம்மாவும் போனார், கொட்டினார். மற்றவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அவர் மட்டும் பீடத்துக்கு முன்னால் நின்றார். எந்தப் பக்கம் போவதென்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டு நின்றுவிட்டது. போதகர் காத்திருந்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி வாங்கிலிருந்து பீடம் வரைக்கும் அவ்வளவு தூரம் இருக்குமென்று நான் நினைத்ததில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போய் அம்மம்மாவின் முழங்கையைப் பிடித்தேன்.

“ஆரு நீங்க?” என்று உரத்துக் கேட்டார். பாடகர் குழுவில் இரண்டு பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“வாங்க, உங்கட வாங்கு இஞ்சால,” என்றேன். என்னுடைய குரல் எனக்கே கேட்டது. அவரை இருத்தி நானும் பக்கத்தில் இருந்தேன். கல்யாணத்தைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் கேட்டார், பொய் சொல்லக்கூடாது. இன்னும் ஆகவில்லை என்று சொன்னேன், அவ்வளவுதான்.

வெளியே மாமா வந்து, “திறப்ப நீயே வச்சிரு,” என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் ஏழு மாதம், கிட்டத்தட்ட எல்லா ஞாயிறும், நாங்கள் இருவரும் போனோம். அந்த மாதங்களில் அம்மம்மா என்னை ஒரு நாளும் யாரென்று அறியவில்லை. தன்னைக் கூட்டிப்போக வருகிற சபைப் பெண் என்று நினைத்திருந்தார். முதலில் எனக்கு அது வலித்தது. பிறகு பழகிவிட்டது.

கடைசியாகப் போன ஞாயிறு, திரும்பி வரும் வழியில் களைத்துப்போய், ஒரு புடவைக் கடைக்காரர் எடுத்துப்போட்ட கதிரையில் இருந்தார். என் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்து இரகசியம்போலக் கதைத்தார்.

“வீட்ட ஒருத்தி இரிக்காள். என்ட பேத்தி. நல்லாத் தைப்பாள். ஆக்களக் கண்டா ஒளிச்சிருவாள். நான் போனா அவளுக்கு ஆரு? நீ அவளுக்காகவும் செபம் பண்ணுகா.”

“ஓம், பண்ணுறன்.”

“பேர் தெரியுமா உனக்கு?”

எல்லாப் பெயர்களும் போன அந்த வாயால் என் பெயரை முழுதாக, பிழையில்லாமல் சொன்னார். எனக்கு மறந்துவிடும் என்று பயந்து இன்னொரு தரமும் சொன்னார்.

“எங்க, சொல்லு பாப்பம்.”

நான் சொல்லிக் காட்டினேன்.