சுருக்கமாகப் புலம்பவும்

அடுத்தவர் சொல்வதைக் குறித்துவைப்பதே வேலையாகிப்போன ஒருவருக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருக்குமா? இயங்குதளம் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில், பதினேழு வருடமாகப் பதிவுச் சேவையைக் கவனித்துவந்தவரைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றும். கணினிக்குள் எந்த நிரல் புலம்பினாலும் அதை ஒரு வரியாக எழுதிவைப்பதுதான் அந்தச் சேவையின் வேலை.

ஒரு நாள் சோதனைப் பிரிவுப் பெண் ஓடிவந்தாள்.

"அண்ணே, ஒரு புலம்பலுக்கு ஒதுக்கினது இருநூத்தைம்பத்தாறு எழுத்து. அதுக்கு மேல புலம்பினா மெமரியில பக்கத்து இடத்துல வழியுது. வழிஞ்சதைக் கட்டளைன்னு நினைச்சு கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பிச்சிடுது!"

"எங்க வீட்லயும் அப்படித்தாம்மா நடக்குது," என்றார்.

மேலாளர் தாம்தூமென்று குதித்தார். நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டவனுக்கு வேலை போகும் என்றார். அதுவரை எல்லாக் கருவிகளும் சுருக்கமாகப் புலம்ப வேண்டும் என்று சுற்றறிக்கையும் விட்டார். அதைக் கொண்டுபோய் பிரிண்டரின் நெற்றியிலேயே ஒட்டினார்கள்.

இவர் ஒரே வரியில் ஓட்டையை அடைத்தார். பழைய நிரலைத் துருவியபோது எழுதியவர் பெயரும் அகப்பட்டது. மேலாளர்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியிருக்கிறார்.

"விடாதீங்கண்ணே! இப்பச் சொல்லலைன்னா உங்க தலைதான் உருளும். ரெண்டு பிள்ளைங்க படிக்குது உங்களுக்கு," என்றாள் அந்தப் பெண்.

தலையாட்டினார். அறிக்கையில் 'தவறு செய்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். மேசையைக் காலிசெய்யத் தொடங்கினார்.

"ஏண்ணே அவர் பேரை எழுதலை?" என்றாள்.

"இந்த ஸ்டேப்ளர் என்னோடதா, கம்பெனியோடதா?" என்று கேட்டார்.