தட்டின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டும்போது பையின் வார் அறுந்தது. முடிச்சுப் போட்டு மாட்டிக்கொண்டு வேளச்சேரிப் பக்கம் நடந்தேன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை ஊழியர்களுக்குச் சோறாக்கும் வேலை. ஒன்றரை வருடம் பார்த்ததை அன்று மதியம் விட்டுவிட்டேன். அசாம்காரன் ஒருவனைப் பார்த்து, அவன் திருடன் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஜவுளிக்கடையில் துணிக்கட்டு தூக்கியவன் அவன். வந்த அன்றே அவன் தட்டின் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தேன். பன்றி தின்பவன், மற்ற தட்டுகளோடு கலக்கக்கூடாது என்றேன். தனித் தம்ளர் எங்கள் ஊர் டீக்கடையிலும் இருந்ததுதான். நானே என் கையால் புள்ளி வைக்கப் பழகியது வளைகுடாவில் வேலை பார்த்தபோது. அங்கே அரபி முதலாளி வீட்டில் என் தம்ளரில் புள்ளி இருந்தது. தொழிலாளர் முகாமுக்குத் திரும்பியதும் உடன் தங்கியிருந்த சூடான்காரனின் கெட்டிலில் நான் ஒன்று வைத்தேன். அதன் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

கிடங்குச் சாவி என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் அது காணாமல் போனது. "அந்தச் சைனாக்காரன்தான் இங்கயே சுத்திக்கிட்டு இருந்தான் அண்ணாச்சி" என்றேன் கடை முதலாளியிடம். அன்றே அவனை அனுப்பிவிட்டார்கள். போகுமுன் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

நான்காம் நாள் அரிசி டிரம் காலியானபோது சாவி அடியில் கிடந்தது. குனிந்து அளக்கையில் என் சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்கிறது.

"அவனத் திரும்பக் கூப்பிடுங்க அண்ணாச்சி."

"சாவி கெடைச்சிட்டுல்லா, பொறவு என்னல? வடக்கத்தியானுக்கா பஞ்சம்? போய்ச் சோத்த வடி."

வடிக்காமல் கிளம்பினேன்.

வேளச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அண்ணனோடு தங்கியிருப்பதாக அவன் சொல்லியிருந்தான். அந்த அறை வாசலில் மேஸ்திரி ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அவனா? காலீலயே ஊருக்கு ரயிலேறிட்டான் நைனா. திருட்டுப் பட்டம் கட்டித் தொரத்திட்டாங்களாம். கூடப் பொறந்தவனே மொகம் குட்த்துப் பேசல. நாளைக்கு டைல்ஸ் தூக்க அவனத்தான் நம்பிக்கினு இருந்தேன். நீ சும்மாதான் கீறியா?"

சும்மாதான் இருக்கிறேன் என்றேன். உள்ளே நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாவி கிடைத்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பழி போட்டவன் நான் என்று தெரிந்து, இந்த வேலையும் போய்விடும்.

மறுநாள் காலை அவன் வேலையில் சேர்ந்தேன். கீழிருந்து நான் டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். படியில் நின்று வாங்கிக்கொண்டவன்தான் அவனுடைய அண்ணன் என்று மேஸ்திரி சொன்னார்.