எவ்ரோஸ் ஆற்றைக் கடந்த அண்ணை

எவ்ரோஸ் ஒன்றும் பெரிய ஆறல்ல. துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் நடுவே ஓடும் கலங்கல் தண்ணீர். மேலே பல்கேரியாவில் அதற்கு வேறு பெயர். இந்தச் சேற்றுக்கு இத்தனை துப்பாக்கிக் காவலா என்று அன்றைக்கே எனக்கு ஏளனமாக இருந்தது. தொண்ணூறுகளில் ஒரு விடிகாலை, ரப்பர் படகில் நெருக்கியடித்துக்கொண்டு அதைக் கடந்தோம். என் பெரியம்மாவின் மகன், அண்ணை, கரை தட்டும்வரை என் சட்டையைப் பின்னால் பிடித்தபடி அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அக்கரையில் பூண்டு வயலில் நின்ற கிழவர் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ரொட்டி தந்து, ரோட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அண்ணை இப்போது இங்கிலீஷ்காரர் ஊரான ஹவுன்ஸ்லோவில் சொந்த வீட்டுக்காரர். போன வருடம் ஒரு சனிக்கிழமை போன் எடுத்தார். "தம்பி, ஒருக்கா வெளிக்கிட்டு வா. எங்கட ஏரியாப் பிரச்சினை."

கவுன்சில் குப்பை எடுக்காத பிரச்சினையாக்கும் என்று போனேன். அகதிகளைத் தங்கவைத்திருந்த ஒரு ஹோட்டலுக்கு முன்னால் கொடிகளோடு கூட்டம் நின்றது. அதில் அண்ணையும். கையில், படகுகளை நிறுத்து என்று எழுதிய அட்டை. நாங்களெல்லாம் சட்டப்படி வந்தவர்கள் என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எவ்ரோஸ் ஆத்தில எங்களுக்கு ஆர் விசா குத்தினது?" என்றேன்.

"மெல்லக் கதை. அவவுக்கு விளங்கிடும்."

"தமிழோ?"

அட்டையை மற்றக் கைக்கு மாற்றினார். "அது வேற. நாங்கள் சண்டைக்குப் பயந்து வந்தனாங்கள்."

"இவையள் என்ன, கலியாண வீட்டுக்கோ வந்தவை?"

யாரோ படம் எடுக்க வந்தார்கள். அண்ணை தலையைக் கோதிவிட்டு முன்வரிசைக்கு நகர்ந்தார். மேல்மாடி ஜன்னலில் குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி திரையை இழுத்து மூடினாள்.

திரும்பும் பஸ்ஸில் அட்டையைச் சீட்டுக்கு அடியில் செருகினார். பிறகு, பெரிய ஞானம் கிடைத்தவர் போல என் பக்கம் திரும்பினார். "எண்டாலும் தம்பி, அப்ப நாங்கள் கொஞ்சப் பேர்தானே."

எனக்கு அருவருத்தது. மணியை அடித்து எழும்பினேன்.

"உன்ர ஸ்டொப் இன்னும் வரேல்லையே. மழையும் பெய்யுது."

"நனையிறன்" என்று இறங்கிவிட்டேன்.

நத்தாருக்கு, கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அண்ணையின் மனைவி கூப்பிட்டார். ஷிப்ட் இருக்கிறது என்று சொன்னேன். ஷிப்ட் ஒன்றும் இருக்கவில்லை.